மினிட் புத்தகம்

எங்கள் இளைஞர் அணித் தலைவருக்கு
நாற்பத்தேழு வயது.
நரை தெரிகிறதென்று மீசையை எடுத்துவிட்டார்.
போன ஆகஸ்டில் மூத்த மகளுக்குக் கல்யாணம்.
நாற்காலி போட்டது நாங்கள்,
அணியின் சார்பில்.

கிட்வேயில் எங்கள் வட்டத்துக்கு அலுவலகம் கிடையாது.
கூட்டமெல்லாம் இன்சோஃப்வாவின் சலூனில்.
எதிரெதிர்க் கண்ணாடி,
பேசுகிறவரின் முகமும் பிடரியும்
ஒரே நேரத்தில் தெரியும்.
ஒரு கட்சிக்கு இதைவிட நல்ல இடம் வாய்க்காது.

நான் செயலாளர்.
அதாவது, டீ-சர்ட் எண்ணுகிறவள்.
வருவதெல்லாம் எக்ஸ்ட்ரா லார்ஜ்.
யாருடைய வயிற்றை அளந்து தைத்தார்களோ,
எங்கள் பையன்கள் போட்டால்
கொடிக்கம்பத்தில் கொடி மாதிரி ஆடுகிறது.
லாரியில் ஏறினால் ஐம்பது குவாச்சா, ஒரு சோடா.
தொண்டை கட்டிக்கொண்டால்
அது அவரவர் பாடு.

நாங்கள் ஜெயித்திருந்த காலத்தில்
பஸ் நிலையத்து வசூல் மேசை எங்களுடையது.
தோற்ற மறுநாள் காலை
அதே மேசை, அதே ரசீதுக் கட்டு,
உட்கார்ந்திருந்தது மட்டும் வேறு ஆட்கள்.
எங்கள் லெங்க்வே இருந்தான் அங்கேயும்.
ஆரஞ்சைக் கழற்றி
ஊதாவுக்குள் தலையை விட்டபோது
எதிரில் நின்ற என்னைப் பார்த்து
சிரித்தான் என்றுதான் நினைக்கிறேன்.

செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில்
ட்வாம்போ எழுந்தான்.
வட்டத்தில் பதினொரு குழாய்,
தண்ணீர் வருவது மூன்றில்,
எல்லாம் நடந்து பார்த்து எழுதி வைத்திருக்கிறான்.
'கவுன்சிலருக்கு நான் நிற்கலாமா?'

தலைவர் அவன் தோளைத் தட்டினார்.
'அவசரப்படாதே தம்பி,
நீங்கள் நாளைய தலைவர்கள்.'

இதையே இவரிடமும் யாரோ சொல்லியிருப்பார்கள்,
இருபது வருஷத்துக்கு முன்னால்.
அந்த நாளை இன்னும் விடியவில்லை.
அதனால்தான்
இவர் இன்னும் இளைஞர்.

அப்போது மாவட்டத்திலிருந்து போன்.
வாசலுக்குப் போனார்.
பதினான்கு நிமிஷம்.

'இளைஞர் என்றால் எத்தனை வயது வரை?'
கேட்டது ம்வாகா, சும்மாதான் கேட்டாள்.
கட்சி விதிப் புத்தகம் என் பையில் இருந்தது.
வேறு யாரும் பிரித்ததில்லை,
ஒட்டிக்கிடந்த தாள்களை நகத்தால் கீறினேன்.
ஒன்பதாம் பக்கம்.
முப்பத்தைந்து.

கத்தரி நின்றது.

விதியை அமல்படுத்தக் கோருகிறோம் என்றாள் ம்வாகா.
வழிமொழிந்தவர் கடைக்காரர்.
கை தூக்கச் சொன்னேன், ஐந்து.
பாதித் தலை மழித்து உட்கார்ந்திருந்தவனும் உறுப்பினர்தான்.
வெள்ளைத் துணிக்கு அடியில்
கூடாரம் போல ஒரு கை எழும்பியது.
எண்ணிக்கொண்டேன்.
ட்வாம்போ மட்டும் தூக்கவில்லை.
'அவர் என் பள்ளிக்கூட ஃபீஸ் கட்டினார்' என்றான்.
அதையும் எழுதினேன்.

தலைவர் உற்சாகமாகத் திரும்பி வந்தார்.
'ஐந்நூறு டீ-சர்ட்! வெள்ளிக்கிழமை!'
பேனாவுக்குக் கை நீட்டினார்.

அவர் ஒருநாளும் படித்ததில்லை.
கடைசி வரிக்குக் கீழே
பெரிய சுழியாக ஒன்று போடுவார்,
தேதியைத் தப்பாக எழுதுவார்.
குனிந்தபோது உச்சந்தலை தெரிந்தது,
சாயம் எட்டாத இடத்தில்
ஒரு நாணயம் அளவுக்கு வெள்ளை.
படித்துவிட்டுப் போடுங்கள் ஐயா என்று
நாக்கு நுனி வரை வந்தது.
விரலால் மை ஒற்றினேன்.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் மழை ஒழுகியது.
புத்தகத்தைப் பாலிதீனில் சுற்றி மடியில் வைத்திருந்தேன்.
கண்டக்டர் லெங்க்வேதான்.
பழைய சிநேகிதத்துக்கு ஒரு குவாச்சா குறைக்கவில்லை.
சுரங்கத்துக்குப் பின்னால்
உருகிய கசடைச் சரிவில் கொட்டினார்கள்.
ஒரு நொடி
பஸ்ஸில் எல்லோர் முகமும் ஆரஞ்சு,
அவனுடையதும்.
பிறகு இருட்டு.

நாளை என் போன் அடிக்கும்.
யார், என்ன சொல்வார்கள் என்பதும் தெரியும்.
அது இருக்கட்டும் என்று
விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்.
எனக்கு இருபத்தாறு.
இன்னும் ஒன்பது வருஷம்.